ஆறெழுத்தில் மலிவானது

சீருடை அறையில் பீரோவை நகர்த்தியபோது
பின்னால் சரிந்து கிடந்தது அந்தப் படம்.
தூசியைத் துடைத்தால் ஒரு கோடு.
வெறும் மைதானத்தில் பத்தொன்பது பேர்
ஒருவர் பின் ஒருவராக,
மண்ணெண்ணெய்க்கு நிற்பதுபோல.
பின்பக்கம் பென்சிலில்
1961, ஹாலிஸ், நெப்ராஸ்கா.

"ஊர்ப் பெயரை எழுதப் பார்த்தார்கள்.
ஆள் போதவில்லை.
ஆறெழுத்தில் மலிவானது இதுதான்"
என்றார் வாத்திய லாரி ஓட்டும் வெர்ன் கட்லெக்.

ஐ.
அவருக்கு அது 'நான்'.
எனக்கு,
மூன்று வயதில் பலூனைப் பார்த்துச் சொன்னது.
பத்தொன்பது பேர் சேர்ந்து
எதைச் சொல்லியிருப்பார்கள்?
மேல்கோட்டுகளைப் பார்த்தால் இரண்டாவதுதான்.
தீயணைப்பு நிலையத்தில் இரவல் வாங்கியவை.
ஊரில் எங்காவது பற்றிக்கொண்டால்
பாதிப் பாட்டில் கழற்றிக் கொடுக்க வேண்டும்.

அறுபத்தேழில் முப்பத்துநாலு பேர்.
கோடு ஒரு காலை நீட்டி உட்கார்ந்தது: எல்.
அறுபத்தொன்பதில் அந்தக் காலில் பொத்தல்.
மதிப்பெண் குறைந்த ஐந்து டிரம்பெட்டுகளைப்
போர் கூப்பிட்டுக்கொண்டது.
நெருங்கி நில்லுங்கள் என்று
யாரும் சொல்லவில்லை.
ஐந்து ஆள் அகலக் காலியிடமும்
சோளக்காற்றில் அந்தப் பருவம் முழுக்க
அவர்களோடு நடந்தது,
ஐந்து கஜத்துக்கு எட்டு அடி வீதம்.

எழுபத்திரண்டில் டார்லீன் வாஸ், கிளாரினெட்.
முதல் பெண்.
ஆண்பிள்ளைக் கால்சட்டையில் பதினோரு ஊக்கு.
அடுத்த வருடம் ஏழு பெண்கள்,
அதற்கும் அடுத்த வருடம்
எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.
எச் வந்தது.
ஓ வந்தது, முதலில் கோழிமுட்டையாக.
எஸ் மட்டும் பதினைந்து வருடம் மசியவில்லை.
கோட்டில் நடக்கப் பழகிய கால்கள்
வளைவில் ஒன்றையொன்று மிதித்தன.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது நூற்றெண்பது பேர்.
இன்று இருநூற்று எண்பத்து மூன்று.
ஏழு பேருந்து,
தொப்பி இறகுக்கு மட்டும் நாலு பெட்டி.
துணியை வெட்டக் கூடாது என்பது இந்த அறையின் சட்டம்.
நெட்டையனுக்குப் பிரி, குட்டையானவளுக்கு மடி.
ஒரே கால்சட்டையில் எட்டுத் தையல் தடம்,
வற்றும் ஏரி கரையில் விட்ட கோடுகள் மாதிரி.
காலருக்குள் மையில் பெயர்கள்:
கர்ட் ஹேகன், லூப்பே சால்திவார், பாவ் வாங்.
கடைசியாக மதிவதனி நகுலன்.
பட்டையில் இடம் போதாமல்
'லன்' அக்குள் பக்கம் இறங்கிவிட்டது.

ஐந்தடி உயரம் அவள்.
தோளில் சூசஃபோன்,
ஆளை விழுங்கி வாயை மட்டும்
வானத்துக்குக் காட்டும் பித்தளை.
இத்தனை பேர் ஆனபிறகு
மைதானத்தின் ஒரு மூலையில் அடித்த முரசு
மறுமூலைக்குத் தாமதமாகத்தான் போகிறதாம்.
கேட்டு வாசித்தால் பிந்திவிடுவாய்,
கோலைப் பார்த்து வாசி என்கிறார்களாம்.
"பக்கத்தில் இருப்பவனுடைய சத்தமே
பழைய சத்தம் அக்கா" என்று சிரித்தாள்.
பத்தொன்பது பேருக்கு
இந்தக் கவலை இருந்திருக்காது.
அவர்களுக்கு வேறு கவலை, தீ.

சனிக்கிழமை, இடைவேளை.
ஆறெழுத்தும் விழுந்தன போலிருக்கிறது,
மேலடுக்கு எழுந்து நின்று கத்தியது.
நான் நின்றது சுரங்க வாசலில்,
ஊசியும் ஊக்கும் வைத்துக்கொண்டு.
தரையிலிருந்து பார்த்தால் எழுத்து தெரியாது.
முழங்கால்கள் தெரியும்.
யாருடைய மடிப்பு அவிழ்கிறது என்பது தெரியும்.

வியர்வையோடு வந்தாள் மதிவதனி.
"அக்கா, இன்னைக்கு நான் நின்னது
முதல் எல்லா, ரெண்டாவது எல்லா?
கடைசி நிமிஷத்துல மாத்திட்டாங்க."

தெரியலையே என்றேன்.
வெர்னைக் கேட்கலாம் என்று எட்டிப் பார்த்தால்
லாரியில் வாயைத் திறந்து தூங்குகிறார்.
"சரி, ஏதோ ஒரு எல்"
என்று இடது காலைத் தூக்கிக் காட்டினாள்.
நூல் தொங்கிக்கொண்டிருந்தது.