இடப்பக்கம்

மோல்மேனில் கரண்ட் வருவது
இரவு ஒரு மணிக்கு.
அதுவரை
கார் பேட்டரியில் மூச்சுவிடும் மடிக்கணினி,
நான், ஒரு தட்டு ஊறவைத்த தேயிலை.
கீழே டீக்கடையில்
சோடா மூடிகளை நகர்த்தி விளையாடுகிறார்கள்.
அந்த ஆட்டத்துக்குப் பெயர் ச்சா.
புலிக்கும் அதே பெயர்தான் இந்த ஊர்ப் பேச்சில்.
வெட்டிட்டேன் என்று யாரோ கத்துகிறான்.
எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

தெற்கே, தனிந்தாரிக் காட்டிலிருந்து
சோ ஏ நே அனுப்பிய மெமரி கார்டுகள்
பிஸ்கட் டப்பாவில், ஈரம் அண்டாமல்
அரிசிக்குள் புதைந்து வந்தன.
முப்பத்தொரு கேமரா. மூன்று மாதம்.
பதினாலாயிரத்துச் சொச்சம் படம்.
பாதிக்குமேல் காற்று எடுத்துக்கொண்டது:
இலை. இலை. மழை. இலை.
லென்ஸை நக்கும் ஒரு கரடியின் மூக்கு.
யானை பிடுங்கிப் போட்டதில்
பதினேழாம் கேமரா பத்தொன்பது நாள்
வானத்தையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

9,806: ஒரு வால்.
9,807: முழுசாக.

கோடு படிக்கும் மென்பொருளுக்கு
வியக்கத் தெரியாது.
தோள், தொடை, வால் தொடங்கும் இடம்,
மூன்று புள்ளி வைத்துக் கொடுத்தால்
பழைய படங்களோடு ஒட்டிப் பார்த்துச் சொல்லும்.
இடப்பக்கம். பொருத்தமில்லை. புதியது, என்றது.
எங்களிடம் ஏற்கெனவே ஒரு வலப்பக்கம் இருக்கிறது,
போன மாசியில் எடுத்தது, துணையில்லாமல்.
அன்று எதிர்க் கேமராவுக்குள் எறும்பு குடியிருந்தது.
புலிக்கு இரண்டு விலாவும் ஒன்றுபோல் இராது.
எனவே இது அதன் மறுபக்கமா,
இல்லை வேறொன்றா?
அறிக்கையில் எழுதுவேன்: குறைந்தபட்சம் ஒன்று.
மனசுக்குள் இரண்டென்று எண்ணிக்கொள்வேன்.

(அட்டையில் நான் மா தின் தின் ஏ.
அம்மன் கோயில் ரசீதில் தையல்நாயகி.
கணக்கெடுக்க வந்தவன் ஒருமுறை
வீட்டில் இரண்டு பெண்கள் என்று எழுதிப் போனான்.)

9,951.
அதே தடம். நாற்பது நிமிஷம் கழித்து
ஒரு மனிதன்.
தோளில் வளையம் வளையமாகக் கம்பி,
சைக்கிள் பிரேக்குக்குப் போடுவார்களே, அது.
கேமராவைப் பார்த்துவிட்டான்.
உடைக்கவில்லை. கிட்டே வந்து
தொப்பியைக் கழற்றி அதன்மேல் மாட்டிவிட்டான்.
அடுத்த இருநூறு படமும்
ஒரு தொப்பியின் உட்புறம். வியர்வைக் கறை.

சோ ஏ நேவைக் கூப்பிட்டேன்.
சிக்னலுக்காக மரமேறியிருந்தார்.
முகம் தெரிகிறதா?
தெரிகிறது.
படத்தை அனுப்பினேன். அது போய்ச் சேரும்வரை
சுவர்க்கோழிகள் மட்டும் பேசின.
“இவன் பிள்ளைக்கு நான்தான் பெயர் வைத்தேன்.”
பிறகு,
“கம்பி எத்தனை? எண்ணிச் சொல்லு.”
பெரிதாக்கி எண்ணினேன். பதினொன்று.
“அப்போ பதினொன்றைத் தேடணும். விடியட்டும்.”

கரண்ட் வந்தது. கடையில் ஆட்டம் கலைந்தது.
அனுப்புமுன் ஒரு வேலை பாக்கி:
ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒட்டியிருக்கும்
அட்சரேகை, தீர்க்கரேகை.
அறிக்கையை வாங்குகிறவர்களும் படிப்பார்கள்;
எல்லைச் சந்தையில் எலும்பை நிறுத்து
வாங்குகிறவர்களைச் சொல்கிறேன்.
அந்தப் பன்னிரண்டு இலக்கம் போதும் அவர்களுக்கு,
யாரிடமும் வழி கேட்க வேண்டாம்.
அழித்தேன். ஓடையை, மலைச்சரிவை,
நின்று அது மூத்திரம் அடித்த மரத்தை.
வராத புலியை வருது வருது என்று
கத்தியவன் கதை எல்லாருக்கும் தெரியும்.
நான் வந்த புலியை
வாய்க்குள் வைத்திருப்பவள்.

ஐந்தாம் நாள் குறுஞ்செய்தி.
ஒன்பது கிடைத்தது. ஒன்றில் மானின் கால் மட்டும்.
தொப்பியை அவன் வீட்டில் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டான், ஒன்றும் கேட்கவில்லை.
சோறு போட்டார்கள், சாப்பிட்டேன்.
இன்னும் இரண்டு.