பாடியவர் பெயர் சொல்லவில்லை

எதிர்சேவை நாளில் நேரடி ஒலிபரப்பு வைத்தது யாரோ,
நிச்சயம் மதுரைக்காரர் இல்லை.

தல்லாகுளத்தில் சனத்துக்கு நடுவே ஓர் அம்பாசிடர் கார்.
உள்ளே பாடகர், வயலின், மிருதங்கம்.
மூன்று பேரும் ஜிப்பா நனைய உட்கார்ந்து
அழகர் வரும் திசையைப் பார்த்து
அழகரையே திட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

நாகுபாய் மட்டும் வந்துவிட்டாள்,
மகால் ஐந்தாம் தெருவிலிருந்து
ஆற்று மணலில் இறங்கி ஏறி, நடந்தே.
வலது கை மூடியிருந்தது.
வழியில் யாரோ ஒருத்தி
சொம்புச் சர்க்கரையை அள்ளித் திணித்தாளாம்.
ஒரு கோவிந்தா சொல்லி வாயில் போட்டுக்கொண்டு
குழாயில் விரல் கழுவிவிட்டு
நிலையத்துத் தம்புராவின் உறையை உருவினாள்.

பகலில் அவளுக்குச் சுங்குடி வேலை.
நகத்தால் துணியைக் கிள்ளிக் கிள்ளி
சேலைக்கு ஐயாயிரம் முடிச்சு.
சாயம் ஏறிக் காய்ந்தபின் அத்தனையும் அவிழ்ப்பு.
அவிழ்ந்த நூலில் ஒரு விரற்கடை
முந்தானையில் முடிந்து கொண்டுவருவாள்,
தந்திக்கும் குதிரைக்கும் நடுவே செருக.
ஜீவாளிக்குக் கடை நூல் ஆகாதாம்,
முடிச்சில் கிடந்து வந்த நூல்தான் வாய் திறக்குமாம்.

என் கையில் அறிவிப்புத் தாள்.
வாய்ப்பாட்டு, பெயர்.
வயலின், பெயர்.
மிருதங்கம், பெயர்.
தம்புராவுக்கு அதில் காலிக் கோடுகூடக் கிடையாது.

மணி எட்டு.
படித்து முடித்தேன்.
சிவப்பு விளக்கு எரிகிறது, பாட ஆளில்லை.
இந்த மாதிரி நேரத்துக்கென்று வைத்த இசைநாடா
அலமாரிக்குள்.
அலமாரிச் சாவி மாசிலாமணியின் இடுப்பில்.
மாசிலாமணி எதிர்சேவையில்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள்
ஒருமுறை புருவத்தைத் தூக்கினாள்.
நான் மைக்கைத் திறந்துவிட்டேன்.

ப, ஸா ஸா, ஸ.
ப, ஸா ஸா, ஸ.

இரண்டாம் நிமிடம் வரை அது தம்புராதான்.
மூன்றாவதில்
யாரோ காந்தாரம் பிடித்தார்கள்.
பாடகர் வந்துவிட்டாரென்று திரும்பினேன்.
கதவு சாத்தியிருந்தது.
அவள் வாயும் சாத்தியிருந்தது.
நாலு தந்தியில் எதிலும் கட்டாத காந்தாரம்,
பத்திரிகை வைக்காமலே கல்யாணத்துக்கு வந்து
முன்வரிசையில் உட்கார்ந்துவிட்ட சொந்தக்காரர்போல
எழுந்திருக்கவே இல்லை.

பதினோரு நிமிடம்.

பிறகு கார் வந்தது, கச்சேரி நடந்தது,
அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பதிவேட்டில் பொறியாளர் எழுதினார்:
'8.01 முதல் 8.12 வரை நிகழ்ச்சி இல்லை.'
எனக்கு மெமோ.
நாகுபாய்க்கு வழக்கமான தொகை,
வழக்கமான தலைப்பில்: 'இதர'.

மேலூரிலிருந்து ஒருவர்
வானொலிக்குள் வண்டு புகுந்துவிட்டதாகப் புகார் எழுதியிருந்தார்.
உசிலம்பட்டிப் பக்கம் ஒருவர்
சரியாகக் கேட்கவில்லையே என்று
பம்புசெட்டை நிறுத்திவிட்டுக் கேட்டாராம்.
பாத்தி பாதிதான் நனைந்ததாம், பரவாயில்லையாம்,
ராகத்தின் பெயர் மட்டும் வேண்டுமாம்.
திருமங்கலத்திலிருந்து ஒரு தபால் அட்டை, பென்சில் எழுத்து:
'பாடியவர் பெயர் சொல்லவில்லை.
அந்த அம்மா யார்?'

அடுத்த மாதம் அவள் வந்தபோது அட்டையை நீட்டினேன்.
எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
நான் பாடவே இல்லையே, என்றாள்.
தெரியும், பதில் போடணும், என்ன எழுதட்டும், என்றேன்.
அவள் காதில் விழவில்லை.
ஏசிக் காற்றில் மரம் சுருங்கி
மூன்றாம் பிரடை நழுவிக்கொண்டேயிருந்தது.
முறுக்கினாள், நழுவியது.
முறுக்கினாள், நழுவியது.
சட்டென்று அட்டையின் ஓரத்தைக் கிழித்து
பிரடையில் ஒரு சுற்றுச் சுற்றித்
துளைக்குள் வைத்து அழுத்தினாள்.

மிச்ச அட்டையைத் திருப்பித் தந்தாள்.
அதில் 'அந்த அம்மா' வரைக்கும் இருந்தது.

பிரடை நின்றது.
சிவப்பு விளக்கு எரிந்தது.
நான் மூன்று பெயர்களைப் படித்தேன்.