சக்கை

ராக்கியாபாளையம் பிரிவு பேக்கரியில்
முதல் டீ ஓடுவது நாலரைக்கு.
ஒன்பதுக்கு நான் போகையில்
வடிதுணி உதறிய சக்கை
வாளியில் பாதிக்கு ஏறியிருக்கும்.
நசுங்கிய இஞ்சி, ஏலக்காய்த் தோல்,
ஒருநாள் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன்.

"எருவுக்குங்களா?" என்றார் டீ மாஸ்டர் துளசிமணி.
"சாயத்துக்குங்க."
"அப்ப பனியனெல்லாம் டீக் கலர்ல வருமாட்டருக்குது."

அது முழுப் பொய்யுமில்லை.
சக்கைக்கென்று சொந்தச் சாயம் உண்டு.
வெந்நீரில் ஏழு முறை அலசினேன்,
ஏழாவதும் மஞ்சள்.
எட்டாவதில்தான் விட்டது.

பட்டறை மாடித் தகரத்தில் காயவைத்து
இடித்துச் சலித்து
நாலாம் நம்பர் மிஷினில் பிடித்த
நேவி ப்ளூ கழிவில் கொட்டினேன்.
அமிலம் சில சொட்டு.
ஷேக்கர் தொண்ணூறு நிமிடம் தலையாட்டியது
ஆடிட்டர் முன்னால் முதலாளியைப் போல.

வடிதாளுக்குக் கீழே சொட்டியதில்
நீலமில்லை.
கண்ணாடிக் குழாய்க்கு அந்தப் பக்கம்
என் விரல்ரேகை தெரிந்தது.

முதலாளி ரத்தினசபாபதி
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"கெணத்துத் தண்ணியாட்ட இருக்குது.
நேரா நொய்யல்ல உட்ரலாமா?"

டிடிஎஸ் மீட்டரை முக்கினேன்.
ஆறாயிரத்துச் சில்லறை.
காலையில் இருந்ததற்குக் கொஞ்சம் கூடவே.
சக்கை நிறத்தைத்தான் பிடிக்கும்,
உப்பை அதற்கு அடையாளம் தெரியாது.

"கலர் இல்லீல்ல?
அப்புறம் யாருக்குத் தெரியப்போகுது?"

அதுதானுங்க பயம்.
நீலமாய் ஓடினால்
கீழ்க்காட்டுக்காரர் மோட்டாரை நிறுத்திவிடுவார்.
இப்படி ஓடினால்
தென்னைக்குப் பாய்ச்சுவார்.

சொல்லவில்லை இதை.
மீட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
ரிப்போர்ட்டில் இரண்டே வரி.
நிறம் நீங்கியது.
உப்பு நீங்கவில்லை.
இரண்டாவதைத்தான் முதலில் எழுதினேன்,
மேலே இடம் விட்டு.

மறுநாள் காலை துளசிமணி,
"வேல முடிஞ்சுதுன்னா சக்கயத் திருப்பிக் குடு கண்ணு,
ஊட்டுல கருவேப்பல வாடிக் கெடக்குது."

சக்கை என் அலமாரியடியில்,
இரட்டைப் பையில், வாய் கட்டி,
தேதி போட்டு,
ஆற்றுக்குப் போகவேண்டிய நீலத்தையெல்லாம்
தன்னிடம் வைத்துக்கொண்டு.
எரிப்பதா புதைப்பதா
இன்னும் யாரும் சொல்லவில்லை.

"அது தரமுடியாதுங்க" என்றேன்.
ஏனென்று கேட்டார். கூட்டம் வந்துவிட்டது.
நாலு டீ, ரெண்டு தேங்காய் பன்.

வாளியை நீட்டினேன்.
ஒரு கை அள்ளித் தன் தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு
மீதியை
எனக்குக் கவிழ்த்தார்,
ஆவி பறக்க.