இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர்

மைனஸ் இருபத்திரண்டு.
குழாயின் வாயில் பனி பல் முளைத்து நிற்கிறது.
அதைத் தட்டி உடைக்கும் சுத்தியல் எங்கே என்று
கேட்க ஆளில்லை, வெர்னர்.

ஒருநாளும் உங்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.
இன்று மயான அலுவலகத்தில்
நான்கு படிவங்களில் அந்தப் பெயரை எழுதினேன்,
கைக்குப் பழகியது வாய்க்கும் வந்துவிட்டது.

மண் இறுகிக் கிடக்கிறதாம்.
மின்னசோட்டாவின் இந்த மூலையில்
மே மாதத்துக்கு முன் குழி வெட்ட மாட்டார்களாம்.
அதுவரை ஒரு கல் அறையில் காத்திருப்பீர்கள்,
குளிரில்.
அதிகாரி வருத்தம் தெரிவித்தார்.
எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னியுங்கள்.

குளிருக்கும் உங்களுக்கும் பழைய கணக்கு.
கொரியாவில் ஒரு நீர்த்தேக்கக் கரை,
பத்தொன்பது வயது,
அங்கிருந்து திரும்பும்போது
இடக்காலில் மூன்று விரல்கள் இல்லை.
ஆனிகா ஒருமுறை கேட்டாள், எங்கே போயின என்று.
"ஜப்பானில் ஒரு ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டன.
கடிதம் போடுவதில்லை."
போரைப் பற்றி நீங்கள் சொன்னது
அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய வருடம்
அரை மைலை ஓடிய நேரம்
பள்ளிக்கூட ஜிம்மின் பலகையில் இன்னும் இருக்கிறது,
கோஸ்கெலாவில் ஒரு எழுத்து உதிர்ந்து.
நீங்கள் ஊர் திரும்பியதும்
பயிற்சியாளர் துக்கம் விசாரிப்பவர்போல வந்தாராம்.
நீங்கள் அவரிடம் கம்பளி கேட்டீர்களாம்,
ஆட்டுக் கம்பளி, ஒரு கைப்பிடி.
அதைக் காலணியின் முனையில் திணித்துக்கொண்டு
அறுபது வருடம் ஓடினீர்கள்,
சற்றே இடப்பக்கம் சாய்ந்து,
ஒரு பக்கம் பாரம் ஏற்றிய வண்டிபோல.

எழுபத்தொன்றில் ஏரிக்கரை மாரத்தான்.
பதினேழாம் மைலில் ஆரஞ்சுச் சுளைகளோடு நான்.
நிற்காமல் வாங்கினீர்கள், நிற்காமல் தின்றீர்கள்,
பத்தடி தாண்டியவர் திரும்பி ஓடி வந்து
தோலை என் கையில் வைத்துவிட்டுப் போனீர்கள்.
அரை நிமிடம் நஷ்டம்.
தெரு சுத்தம்.

பனி உங்கள் விரல்களைத் தின்றது.
நீங்களோ ஒவ்வொரு ஜனவரியும்
எங்களுக்காகப் பின்முற்றத்தில் பனி வளர்த்தீர்கள்.
காற்று அடங்கும் இரண்டு மணிக்கு எழுந்து
ஹோஸைப் பிடித்து,
அடுக்கின்மேல் அடுக்காக,
இறுகாத பாதத்தைப் பின்லாந்து மொழியில் திட்டிக்கொண்டு.
பகலில் ஓரத்து வைக்கோல்மேல் நின்று
எங்கள் விழுதல்களை எண்ணுவீர்கள்.
தளத்தில் மட்டும் கால் வைத்ததில்லை.
தாத்தாவுக்குச் சறுக்கத் தெரியாது என்று
நாங்கள் மூவரும் பரிதாபப்பட்டோம்.

இன்று தேவாலயத்து அடித்தளத்தில்
காபியும் ஹாம் சாண்ட்விச்சுமாக எல்லோரும்.
பக்கத்து வீட்டு டால்கிரன் அம்மாள்
சர்க்கரையைக் கலக்கியபடி சொன்னாள்:
"நாலு மணிக்கு ஜன்னலில் பார்ப்பேன்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
வட்டம் வட்டமாகச் சுற்றுவார்.
விளக்குகூடப் போடமாட்டார், மனுஷன்."

அந்தக் கோடு!
விடிந்ததும் நாங்கள் ஓடி வரும்போது
கன்னிப் பனியில் ஏற்கெனவே விழுந்திருக்கும் கோடு,
இடப்பக்கம் ஆழமாக.
டிராவிஸ் அதை நரி என்பான்.
நான் பக்கத்து வீட்டுப் பையன்மேல் பழி போட்டு
ஒருமுறை அவனோடு கைகலந்தேன்கூட.

கராஜில் தேடினேன். சுத்தியல் கிடைக்கவில்லை.
பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால்
கறுப்புச் சறுக்குக் காலணிகள்,
இடது முனையில் மஞ்சளேறிய கம்பளி.
விளிம்பில் கட்டைவிரலை வைத்தேன்.
வெட்டியது.
எண்பத்தெட்டு வயதில் எப்போது சாணை பிடித்தீர்கள்?

முக்கோணமாய் மடித்த கொடி
சமையலறை மேசையில், பில்களின் பக்கத்தில்.
அதை எங்கே வைப்பதென்று யாருக்கும் தெரியவில்லை.

ஒரு செங்கல்லால் குழாயை உடைத்துத் திறந்தேன்.
உள்ளே என் மகள் தூங்குகிறாள்.
முதல் அடுக்கு புகைந்துகொண்டே பரவுகிறது,
தளம் மட்டமில்லை போலும்,
தண்ணீர் இடப்பக்கமாகச் சரிகிறது.

சரிசெய்யவில்லை.
மணி மூன்றே கால்.
கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும்.