பதினேழாம் படம்

புயல் கழிந்த நான்காம் நாள்
சோனாங்குப்பத்தில் சேதக் கணக்கெடுப்பு.
பொருளுக்கு ஒரு படம். நேராக, நெருக்கமாக,
நிழல் விழாமல் எடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

அஞ்சலாட்சி வீட்டில்
பிரிட்ஜ், தையல் மிஷின், வலை இரண்டு பொதி.
உப்பனாறு வந்துபோன உயரத்தில்
சுவரெங்கும் ஒரு கோடு.
எடுத்தேன். எண் போட்டேன்.

கிளம்பும்போது
கொடியில் ஒரு துணிக்கிளிப்.
பச்சை, பாதி வெளுத்தது, ஒரு காது உடைந்தது.
எதையும் பிடிக்காமல்
கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.
கம்பி வளையத்தில் உப்பு பூத்து
அதன்மேல் ஒரு துளி,
துளிக்குள் தலைகீழாய்க் கலங்கரை விளக்கம்.

எக்கி, மூச்சை அடக்கி எடுத்தேன்.
நிழல் விழுந்தது; விழட்டும்.

"அதுக்கும் காசு வருமா சார்?"
"வராதுங்க."
"பின்ன?"

திரையைத் திருப்பிக் காட்டினேன்.
ஈரக் கையைப் புடவையில் துடைத்து
வாங்கிப் பார்த்தாள், வெகுநேரம்.
"எங்க வூட்டுதா இது?"

கொடியருகே போய்
கிளிப்பை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.
பிறகு சேறு அலசிய பள்ளிச் சட்டையொன்றை
அதில் மாட்டினாள்.

அலுவலகத்தில் கேட்டார்கள்,
பதினேழாம் படம் எந்தப் பொருளுக்கு?
கை தவறி அழுந்திவிட்டது என்றேன்.
அழிக்கவா என்றார் ஒருவர்.
காதில் விழாததுபோல்
பதினெட்டைப் படித்தேன்.