பன்னீராயிரம்

ஐஞ்சு சந்தி அத்தர்க் கடையில்
மஹ்றூப் காக்கா மூடியைத் திறந்து
ஒருதரம் மணந்து பார்த்தார். மூடினார்.
"வாசம் இருக்கு தங்கச்சி.
வாசத்தை இப்ப ஆரும் செய்வாங்கள்."

அரைத் தோலா.
சுண்டுவிரல் நீளக் குப்பி.
கடைசி இரண்டு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
தாயிஃபில் என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை மடக்கிவிட்டார்கள்.
தொண்ணூறில், ஆறு வயதில்,
காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
வெளியேறிய ஊருக்குள்
பால்மாப் பேணியில் புதைத்து இதைக் கொண்டுவந்தேன்.

மலை என்றால் எனக்குத் தெரிந்தது கீரிமலை.
அங்கே மலை இல்லை.
அல்ஹதாவிலோ
முற்றத்தைக் கடந்து மேகம் போகும்,
காய்ந்த துணிகளை மறுபடி நனைத்துவிட்டு.

பங்குனி சித்திரையில் நாற்பது நாள்.
வீட்டு வேலைக்காரியும் அப்போது தோட்டக்காரிதான்.
வெயில் ஏறுமுன் பறிக்க வேண்டும்;
ஏறினால் இதழ் இருக்கும், பூ போய்விடும்.
சரிவெல்லாம் கல் அடுக்கிக் கட்டிய படிகள்.
எந்தப் படி எந்தப் பாட்டனுடையது,
எது வெள்ளத்தில் சரிந்து எவர் திரும்பக் கட்டியது,
எஜமானி ஸாலிஹாவுக்கு எல்லாம் மனப்பாடம்.
மேலே பாறையில் குந்தியிருந்த குரங்குகளுக்கும்
தெரிந்திருக்கலாம்.
அவையும் அங்கே தலைமுறை தலைமுறையாகத்தான்.

செம்புக் கிடாரத்தின் வாயை
ரொட்டி மாவால் அடைப்பார்கள்.
முதலில் வடியும் நீருக்கு மணப்பெண் என்று பெயர்.
அவள் முகத்தில் மிதப்பதைச்
சிறிஞ்சால் உறிஞ்சி எடுப்பார்கள்,
மூச்சுவிடாமல்.

ஒரு தோலாவுக்குப் பன்னீராயிரம் பூ என்றாள் ஸாலிஹா.
எனக்குக் கல்யாண வீட்டு வாசலில்
ஆரோ செம்பை உதறியதுபோல் இருந்தது.
பன்னீர். ஆயிரம்.
சிரித்தேன். ஏன் என்று கேட்டாள்.
அதைச் சொல்லும் அளவு அரபு என்னிடம் இல்லை.

ஒரு ஜனவரி இரவு
குப்பிக்குள் எண்ணெய் ஊசி ஊசியாக உறைந்து கிடந்தது.
என் தலையில்தான் விழப்போகிறது என்று நடுங்கினேன்.
"கலப்படம் உறையாது" என்று
குப்பியை அக்குளுக்குள் செருகிக்கொண்டு
தூங்கப் போனாள் அவள்.

சரி,
யாழ்ப்பாணத்தில் எது உறையும்?
தேங்காயெண்ணெய் மார்கழியில் ஓரிரு காலை,
அதுவும் அரைமனதாக.

நல்லூர் ஐஸ்கிரீம் கடைக்குப் போனேன்.
தொப்பி போட்ட பெடியன், மார்பில் கோகுலவாசன் என்று அட்டை.
"இதைக் கொஞ்ச நேரம் உள்ளுக்கு வைக்கலாமோ தம்பி?"
"மருந்தோ அன்ரி?"
"ஓம்" என்றேன்.
பெரிய பொய்யும் இல்லை.

வனிலாவுக்கும் பிஸ்தாவுக்கும் நடுவில் வைத்தான்.
சும்மா இருக்கக் கூடாதென்று ரோஸ் ஒன்று வாங்கினேன்.
நல்ல இளஞ்சிவப்பு.
ஒரு முள்ளைக்கூட அறியாத நிறம்.
பிறகு காக்காவுக்குப் போன் எடுத்தேன்:
கடையைப் பூட்டிவிட்டு வாங்க,
வராவிட்டால் கொழும்புக்குக் கொண்டுபோவேன்.

வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
கோகுலவாசன் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.
உள்ளே ஊசிகள்,
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து,
படிப்படியாக.

காக்கா மணக்கவில்லை.
கண்ணாடிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய்
பார்த்துக்கொண்டே இருந்தார்.
பிறகு விலை சொன்னார்.
கணக்குப் பார்த்தேன்:
இரண்டு மாதச் சம்பளத்தில் முக்கால்வாசி.

மிச்சக் கால்வாசியை
பதினொரு வருசம் நான் மூச்சில் இழுத்திருப்பேன்.
அப்படியும் விடவில்லை,
இன்னும் ஐயாயிரம் கேட்டேன்.

அவர் நோட்டுகளை எண்ணி முடிப்பதற்குள்
என் கைச்சூட்டில்
எல்லாம் தண்ணீராய் இளகிவிட்டது.
"அன்ரி" என்றான் பெடியன்,
பெட்டிக்குள் தலையை விட்டபடி,
"பிஸ்தா வேற மாதிரி மணக்குது."