பதினைந்து பதினைந்தாக

அட்டை கோலசிலாங்கூரிலிருந்து வந்தது.
ஆ லியோங் கடையில் மேசைக்கடியில் கிடந்தது,
பெட்டியில்லை, இரண்டு விசிறியில் ஒன்று முனகும்.
நானூற்றைம்பது என்றான்.
நானூற்றுப் பத்துக்கு முடித்தேன்.
நடுத்தர அட்டைதான். நானும் அப்படித்தான்:
பாய்லருக்கு இரண்டாம் நிலைச் சான்றிதழ்,
தாமானில் ஓரத்து வீடு,
தவணை முடியாத கார்.

ஆலையில் எனக்கு இரவு ஷிப்ட்.
செம்பனைக் குலையை அவிக்கும் நீராவிக்கு
முள் இருபதைத் தொடலாம்.
இருபத்தொன்றில் வால்வு தானே திறந்து
பத்தாங் பெர்ஜுந்தை முழுக்கக் கேட்கக் கத்தும்.
(ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர்.
பலகை மாறியது, பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாறவில்லை.)
அளவு பார்த்துச் சூடேற்றுவது எனக்குப் புதிதில்லை.
இந்த அட்டைக்குத்தான் கத்தத் தெரியாது.

ஆகவே முதல் நாள் எதையும் ஏற்றவில்லை.
தூசி எடுத்தேன்.
காய்ந்து சுண்ணாம்பாகிப் போன பசையை வழித்து
புதிதாகப் பயறளவு வைத்தேன்.
மின் வரம்பை மட்டும் கொஞ்சம் தளர்த்தி
தன் போக்கில் அது எவ்வளவு தூரம் ஓடுகிறதென்று பார்த்தேன்.
ஆறின பாய்லரில் எவன்
எடுத்த எடுப்பில் முழுத் தீ வைப்பான்?

555 புத்தகம்.
முன்பக்கம் கிருஷ்ணகாந்தன் கடைக் கடன்:
மைலோ, முட்டை, காஸ்.
பின்பக்கத்திலிருந்து, தலைகீழாக, அட்டைக் கணக்கு:
பதினைந்து மெகாஹெர்ட்ஸ். அரை மணி. சூடு அறுபத்தாறு. சரி.
முப்பது. சரி.
நாற்பத்தைந்து. விசிறி முனகல். சரி.
அறுபது, எழுபத்தைந்து, தொண்ணூறு
(இடையில் மழை, கரண்ட் போய் வந்தது,
அறுபதை மறுபடியும் செய்தேன்).
நூற்றைந்தில்
திரை முழுக்கப் பச்சைப் புள்ளி, அணைந்து அணைந்து.
ஆற்றங்கரையில் இதைப் பார்க்கத்தான்
படகுக்குக் காசு கொடுக்கிறார்கள்.
பிறகு கறுப்பு.

வோல்ட்டில் கை வைத்தது மூன்றாம் இரவு.
வேகத்தை ஏற்றினால் சூடு நடந்து வரும்,
வோல்ட்டை ஏற்றினால் ஓடி வரும்.
பன்னிரண்டு மில்லிவோல்ட். காத்திருந்தேன்.
இன்னொரு பன்னிரண்டு.
நூற்றைந்து நின்றது.
நூற்றிருபதும் நின்றது!
விடியற்காலை மூன்று, மழை விட்ட காற்று,
எழுபத்தொரு டிகிரி.
லாட்டரி விழுந்தவன் மாதிரித் தூங்கினேன்.

மதியம் இரண்டு மணி.
தகரக் கூரை, எதிர்வீட்டில் வெல்டிங்,
அதே எண், அதே ஆட்டம்.
எண்பத்தாறு.
பட்டப்பகலில் மின்மினி.

குணவதனி எடைமேடையில் வேலை பார்ப்பவள்.
வாய் நிறையப் பீசாங் கோரேங்கோடு எட்டிப் பார்த்தாள்.
"லோரிக்காரனுங்களும் இதத்தான் சொல்வானுங்க,
இன்னும் ஒரு குலை தாங்கும்னு.
தாங்கும்தான். மேட்டுல தாங்காது."
சொல்லிவிட்டு என் துவாலையில் கை துடைத்துப் போனாள்.

கோபம் வந்தது, அவள் மேல் இல்லை.
மூன்று இரவு வேலை.
இன்னும் பன்னிரண்டு கொடுத்தால் நிற்குமோ என்று
விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது.
எதிர்வீட்டு வெல்டிங் ஓய்ந்தபிறகு
இறக்க ஆரம்பித்தேன்.
இருபத்துநான்கிலிருந்து பன்னிரண்டு, பூஜ்யம்.
பூஜ்யத்துக்குக் கீழும் படி இருக்கிறதென்று
அப்போதுதான் கண்ணில் பட்டது.
இத்தனை நாள் மேலேயே பார்த்திருக்கிறேன்.

மொத்த லாபம் வினாடிக்கு நான்கு படம்.
ஐம்பத்திரண்டு ஐம்பத்தாறானது.
கூட ஆடும் ஹரிஷ்ராஜ் சிரித்தான்:
"நாலுக்கா அண்ணே?"
ஆமாம், நாலுக்கு.
ஆலையில் அரைப் புள்ளி ஏற்ற
மூன்று பேர் கையெழுத்து வேண்டும்.

கடைசி வரி இப்படி இருக்கிறது:
எழுபத்தைந்து. வோல்ட் மைனஸ் இருபது.
மதியம் இரண்டு, கதவு சாத்தி, ஒரு மணி நேரம்.
சூடு எழுபத்துநான்கு. சரி.
முன்பக்கத்தில் நேற்று அவள் எழுதியது:
முட்டை ஒரு தட்டு, பாக்கி பதின்மூன்று வெள்ளி.
இரண்டு கணக்கும் நடுவில் முட்டிக்கொள்ள
இன்னும் ஆறு தாள் இருக்கிறது.